அண்ணனைவிட மூத்த தம்பி

சென்ற வாரம் உங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு அது ஒரு வசதி. யாரும் வேலை சொல்வதில்லை. உங்களில் ஒருவர் ஒரு அம்மாளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். கால் எரிகிறது, தோளைத் தூக்க முடியவில்லை, நாலு படி ஏறினால் உட்காரத் தோன்றுகிறது என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே போனார். "வயசாச்சு இல்லையாம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. அதன் பிறகு இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். ஆகவே அவர்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்கு ஒருவரை நினைவுபடுத்தியது. அதே வார்த்தையால் வேலை போக இருந்த மனிதர் அவர். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அறுபதுகளின் நடுவில் நான் பம்பாயில், செம்பூரில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையின் மருத்துவராக இருந்தேன். வீடு மாட்டுங்காவில். குர்லாவில் ரயில் வண்டி மாறிப் போவேன். நசுங்கிய விரல், கண்ணில் விழுந்த இரும்புத் தூள், லீவுக்காக வந்த வயிற்றுவலி என்று நாள் ஓடும். வாரத்தில் ஒருநாள் காலை நகராட்சி மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவுக்கும் போய் வருவேன். அங்கே சம்பளம் கிடையாது. கற்றுக்கொள்ளப் போனேன்.

ஒருநாள் எங்கள் பர்சனல் ஆபீசர் ஒரு தொழிலாளியை என் அறைக்கு அனுப்பிவிட்டு, அவரும் பின்னாலேயே வந்தார். ஆபீசரும் மாட்டுங்காக்காரர். காலையில் ஒரே வண்டியில்தான் வருவோம்.

"டாக்டர், இந்த ஆளுக்கு நாற்பத்தி மூணுன்னு ரெகார்டுலே இருக்கு. வேலைக்குச் சேரும்போது அவனே சொன்னது. பர்த் சர்டிபிகேட் கிடையாது, ஸ்கூல் சர்டிபிகேட் கிடையாது. நேத்திக்கு கிரேன்லேருந்து ஒரு லோடை தட்டுன்னு இறக்கிட்டான். நல்லவேளை, கீழே யாரும் இல்லை. மூஞ்சியைப் பாருங்கோ. ரிடையர் ஆக வேண்டிய ஆசாமி மேலே உக்காந்திண்டிருக்கான். நீங்க ஒரு வயசு எழுதிக் குடுங்கோ, மத்ததை நான் பாத்துக்கறேன்."

அந்த நாளில் இது வழக்கம்தான். பிறந்த நாள் தெரியாத தொழிலாளிகள் நிறையப் பேர். தகராறு வந்தால் கம்பெனி டாக்டர் பார்த்து எழுதும் வயதுதான் வயது.

தொழிலாளியின் பெயர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்தவர், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குடியிருந்தார். பட்டறைக் கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேனுக்கு ஆபரேட்டர். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. கன்னம் குழி விழுந்து, கழுத்துத் தோல் தொங்கியது. வலது கையைத் தோளுக்குமேல் தூக்கச் சொன்னேன். வாயைக் கடித்துக்கொண்டு பாதிவரை தூக்கினார். ஒரு கண்ணின் பாவையில் லேசாக வெண்மை படர்ந்திருந்தது. உண்மையைச் சொன்னால், பார்த்தவுடனே எழுதச் சொல்லியிருந்தால் நானும் அறுபது என்றுதான் எழுதியிருப்பேன்.

"என்ன வயசு உங்களுக்கு?"

"நாப்பத்தி மூணு ஐயா. கூட ஒண்ணு இருக்கலாம், கொறைய ஒண்ணு இருக்கலாம். அதுக்கு மேல கெடையாது."

ஆபீசர் சிரித்தார். அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

முழங்காலில் சுத்தியலால் தட்டினேன். கால் அசையவே இல்லை. அதிரும் இசைக்கவையைக் கால் கட்டை விரலில் வைத்தேன். ஏதாவது தெரிகிறதா என்று கேட்டால், "குளுந்தாப்ல இருக்கு" என்றார். அதிர்வு தெரியவில்லை. கெண்டைக்கால் சதை கரைந்து போயிருந்தது. அறுபது வயதுக்காரருக்குக்கூட இத்தனையும் சேர்ந்து வருவது அபூர்வம்.

"தண்ணி நெறையக் குடிக்கிறீங்களா?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, "மேல ஒரு காலி டின்னு வச்சிருக்கேன் ஐயா" என்றார். "அடிக்கடி ஒண்ணுக்கு வருது. அதுக்காவ ஏணியில ஏறி எறங்க முடியல. ஷிப்ட் முடிஞ்சதும் யாரும் பாக்காம கொண்டாந்து கொட்டிருவேன். மேஸ்திரிகிட்ட சொல்லிராதிய."

அப்புறம் பரிசோதனைக்கு அதிக நேரம் ஆகவில்லை. சோதனைக் குழாயில் சிறுநீரோடு சேர்த்துச் சூடாக்கிய நீல மருந்து செங்கல் நிறமாக மாறியது. சர்க்கரை நோய் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அது சோத்துக்கு நெய் ஊத்தித் திங்கவங்களுக்கு வார நோயில்லா? எனக்கு எப்படி வரும்?"

எப்படியும் வரும் என்றேன். உங்கள் நரை வேறு விஷயம், ஆனால் இந்தத் தோள், கண், கால், சதை எல்லாவற்றிலும் நோயின் கை இருக்கிறது, வயதின் கை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, ஆகவே இதை அப்படியே எழுதிக் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். நல்ல செய்தி சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஐயா, வயசாளின்னு எழுதினா இன்னைக்கு வேல போவும். நோயாளின்னு எழுதினா நாளைக்குப் போவும். இதுல எனக்கு என்ன நல்லது செய்யுதிய?"

இரண்டு நாள் அவகாசம் கேட்டு ஆபீசரை அனுப்பிவைத்தேன்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போகும் நாள். அங்கே ஆய்வுக்கூடத்தில் உயிர்வேதியியல் படித்த ஒரு மராட்டிய அம்மையார் இருந்தார். என்னைவிடச் சில வயது பெரியவர், நேராகப் பேசுபவர். பெயர் வேண்டாம், அவருக்குப் புகழ்ச்சி பிடிக்காது. சுடலைமுத்துவின் இரத்தத்தைக் கொடுத்துவிட்டு, நாற்பத்து மூன்று வயதுக்காரர் அறுபது வயதுக்காரர்போல ஆவது எப்படி என்று கேட்டேன்.

"உங்க பாக்டரியில பாய்லர் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"முற்றத்துல கரி மலைமாதிரி குவிஞ்சு கிடக்கு. உள்ளே கொண்டுபோற வழி அடைஞ்சு போச்சு. பாய்லர் அணைஞ்சுகிட்டே வருது. அப்போ உள்ளே இருக்கிறவங்க என்ன செய்வாங்க? கூரைக் கட்டையைப் பிடுங்கி அடுப்புல போடுவாங்க. உங்க ஆள் அப்படித்தான் தன் சதையையே எரிச்சுகிட்டிருக்கார். இரத்தம் பூரா சர்க்கரை, செல்லுக்குள்ளே பட்டினி. நாம முதுமைன்னு சொல்றது என்ன? உடம்புல ஒவ்வொரு இடமா ரிப்பேர் வேலை நின்னுபோறது. ரிப்பேருக்கும் சக்தி வேணுமே. அதோட, முற்றத்துல குவிஞ்ச கரி சும்மா கிடக்காது, சுவரையும் கெடுக்கும். கண்ணாடி மாதிரி இருக்கிற லென்ஸ், சின்னச் சின்ன இரத்தக் குழாய், நரம்பு. இருபது வருஷம் செய்யவேண்டியதை இந்த நோய் சில வருஷத்துல செஞ்சிடும்."

"ஏன் அப்படி?"

"அது எனக்குத் தெரியாது. யாருக்கும் முழுசாத் தெரியாது. தெரிஞ்சமாதிரி எழுதிடாதீங்க."

இன்று நீங்கள் அவரைவிட அதிகம் படித்திருக்கிறீர்கள். செல்லுக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா நீரிழிவிலும் தளர்கிறது, முதுமையிலும் தளர்கிறது என்று பாடத்தில் வருகிறது. எது எதைத் தளர்த்துகிறது என்று கேட்டால் நீங்களும் கொஞ்சம் இழுப்பீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அந்த அம்மையாரின் பழக்கம் அப்போது எனக்கு மருந்தைவிட உதவியாக இருந்தது.

நான் எழுதிய அறிக்கை சின்னது. இவருடைய வயதை உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் முதுமையின் அடையாளங்களைத் தரக்கூடிய நோய் ஒன்று இவருக்கு இருக்கிறது. அது சிகிச்சைக்குக் கட்டுப்படும். தற்போது கிரேனில் ஏறக்கூடாது. தரையில் வேலை செய்யலாம். மழைக்காலம் முடிந்தபின் மறுபடி பார்க்க வேண்டும்.

ஆபீசர் அதைப் படித்துவிட்டு மேஜையில் போட்டார். "நான் கேட்டது வயசு. நீங்க எழுதியிருக்கிறது வியாதி."

"வயசு எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியறதே!"

அவர் சுடலைமுத்துவிடம், உன் வயதை அறிந்த யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அன்று மதியம் சுடலைமுத்து தன் கூடப்பிறந்தவரை அழைத்து வந்தார். மாடசாமி என்று பெயர். தாராவியில் தோல் பதனிடும் கொட்டகை ஒன்றில் வேலை. ஈரத் தோல்களைத் தூக்கித் தூக்கி முறுக்கேறிய கைகள், கருகருவென்ற முடி, அகன்ற மார்பு. ஆபீசர் அறையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

ஆபீசர் மாடசாமியைப் பார்த்து, "உன் அண்ணனுக்கு என்ன வயசு, சொல்லு" என்றார்.

மாடசாமி திரும்பிப் பார்த்தார். வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ.

"அண்ணனா? நாந்தான் ஐயா அண்ணன். இவன் எனக்கு எளையவன்."

அறையில் இருந்த குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டார். ஆபீசர் நாற்காலியில் சாய்ந்து, "நீ அண்ணனா? பேஷ்! ரெண்டு பேரும் பேசி வெச்சிண்டு வந்தேளா?" என்றார்.

மாடசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பேசுதிய? இவன் பொறந்த அன்னைக்கு எனக்கு முன்னம்பல்லு விழுந்து கெடந்துது. பொக்க வாயோட போயித்தான் இவனப் பாத்தேன். எங்க ஆத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. இவன இடுப்புல தூக்கி வளத்தவன் நான். என்னயப் பாத்து தம்பிங்கிய!"

சுடலைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் பேசப் பேச அவர் தலை இன்னும் தாழ்ந்துகொண்டே போனது. மற்றவர்கள் சிரித்தது அவருக்குப் புதிதில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

விவகாரம் ஒர்க்ஸ் மேனேஜரிடம் போனது. அவர் அவசரக்காரர், ஆனால் நியாயஸ்தர். என் அறிக்கையை இருமுறை படித்தார். "டாக்டர், சிகிச்சைக்குக் கட்டுப்படும் என்று எழுதியிருக்கிறீர்கள். காட்டுங்கள். மழை முடிந்து அவனை நான் பார்க்கிறேன்" என்றார். அதுவரை சுடலைமுத்துவைப் பெயின்ட் ஸ்டோரில் போட்டார்கள்.

மாத்திரையால் சர்க்கரை அசையவில்லை. இன்சுலின் வேண்டியிருந்தது. ஊசி போடக் கற்றுக்கொள்ள அவருடைய மனைவி செல்லம்மாள் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், கணீரென்ற குரல். ஊசியைக் கொதிக்க வைப்பது, அளவு பார்ப்பது எல்லாம் ஒருமுறை காட்டியதும் பிடித்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று என்னிடம் மட்டும் சொன்னார்.

"ரேசன் கடையில ஒரு பொம்பள என்னயப் பாத்து, 'உங்கப்பாவ ஏன் வெயில்ல நிக்க வைக்கிற, அந்தால உக்காரச் சொல்லு'ன்னுட்டா ஐயா. அதுலேருந்து இவுக என்கூட எங்கயும் வரதில்ல. கோயிலுக்குக் கூப்பிட்டாலும் வரதில்ல. வேலைக்குப் போவாவ, வருவாவ. அந்த கிரேன்தான் உசுரு. ஏன்னு கேட்டா, 'மேல இருந்தா ஒருத்தனும் என் மூஞ்சியப் பாக்க மாட்டான்'ங்காவ."

மழை முடிவதற்குள் சுடலைமுத்து தேறினார். கையிலும் காலிலும் சதை பிடித்தது. தாகம் போனது. பார்வை மங்கல் கொஞ்சம் குறைந்தது, பழைய நடை வந்தது. நரை அப்படியே இருந்தது. கண்ணில் விழுந்த வெண்மை போகவில்லை, காலில் போன உணர்ச்சியும் திரும்பவில்லை. உங்கள் நோயாளிகளிடம் இதையும் சொல்லுங்கள். சிகிச்சை யாரையும் இளமையாக்குவதில்லை. நோய் கூட்டி வைத்த வயதில் ஒரு பங்கு இறங்கும். மறு பங்கு கூடவே தங்கிவிடும்.

மேனேஜர் பார்க்க வேண்டிய நாளுக்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது.

பம்பாயில் மதுவிலக்கு இருந்த காலம். குடித்துவிட்டு வேலைக்கு வந்தால் வேலையும் போகும், போலீஸும் வரும். மதியம் தாண்டி ஒரு வாட்ச்மேன் என் அறைக்கு ஓடிவந்தார். "சுடலை தாரூ பீகே ஆயா, சாப். சப்கோ மார் ரஹா ஹை" என்றார். குடித்துவிட்டு வந்து எல்லோரையும் அடிக்கிறாராம். வாட்ச்மேன் அறையில் நாலு பேர் சுடலைமுத்துவைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். சட்டை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. கெட்ட வார்த்தைகள் குழறிக் குழறி வந்தன. ஸ்டோர்கீப்பர் உதட்டில் இரத்தத்தோடு ஓரமாக நின்றார். சுடலைமுத்து அடித்ததாம்.

ஆபீசர் எனக்கு முன்பே வந்திருந்தார். "போலீசுக்கு போன் பண்ணியாச்சு. நீங்க 'குடிச்சிருக்கான்'னு ஒரு வரி எழுதிட்டாப் போறும். வாசனையை நீங்களே பாருங்கோ."

நான் கிட்டே போனேன். வாசனை இருந்தது. இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் எதிரே இருப்பவர் எல்லா வகையிலும் குடிகாரர்போல இருக்கிறார். சாராய வாசனைக்குக் கிட்டத்தட்ட ஒரு வாசனையும் இருக்கிறது. அது பெயின்ட் ஸ்டோரில் துடைக்கிற ஸ்பிரிட்டாக இருக்கலாம், சாராயமாகவும் இருக்கலாம். அவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். மற்ற யாருக்கும் தெரியக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குடிக்க மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்றால், தெரியாது.

ஸ்டோர்கீப்பரிடம், "இவர் சாப்பிட்டாரா?" என்றேன்.

"லாரி வந்துடுச்சு சார். எறக்கிட்டுப் போன்னேன்."

அப்படியானால் காலையில் போட்ட இன்சுலின் உள்ளே வேலை செய்கிறது, மதியச் சோறு போகவில்லை. பெரும்பாலும் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியிருக்கும். பெரும்பாலும்தான். இரத்தம் எடுத்து அனுப்பி முடிவு வரும்வரை மூளை காத்திருக்காது. அதற்குச் சர்க்கரையை விட்டால் அந்த நேரத்தில் வேறு எரிபொருள் கிடையாது. நான் செய்த கணக்கு எளிமையானது. குடித்திருக்கிறார், நான் குளூக்கோஸ் போட்டுவிட்டேன் என்றால் நஷ்டம் ஒன்றுமில்லை. சர்க்கரை இறங்கியிருக்கிறது, நான் குடிகாரர் என்று எழுதி லாக்கப்புக்கு அனுப்பிவிட்டேன் என்றால் அங்கேயே நினைவிழப்பார். காலையில் எழுந்திருக்க மாட்டார். எது சரி என்று தெரியாதபோது, எந்தத் தப்பைத் திருத்த முடியாது என்று பாருங்கள்.

"கையெழுத்து அப்புறம்" என்றேன். "கையைப் பிடிங்க. அசையவிடாதீங்க."

"டாக்டர், போலீஸ் வந்திண்டிருக்கா!"

"வரட்டும்."

முதல் தடவை இரத்தக் குழாய் நழுவியது. சுடலைமுத்து துள்ளியதில் என் கண்ணாடி கீழே விழுந்தது. யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை ஊசி உள்ளே போனது. குளூக்கோஸை மெள்ள மெள்ளச் செலுத்தினேன். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கு நேரம் இருந்தது, யோசித்தேன்.

ஊசி காலியாவதற்குள் அவர் கை தளர்ந்தது. முதலில் திட்டுவது நின்றது. கண் அசைந்தது. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்து நின்றது.

"என்ன ஐயா? எதுக்கு எல்லாரும் என்னயப் புடிச்சிருக்காவ?"

பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். அவர் ஸ்டோர்கீப்பரின் உதட்டைப் பார்த்தார்.

"நானா அடிச்சேன்?"

ஸ்டோர்கீப்பர் தலையை ஆட்டினார். சுடலைமுத்து எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கேன்டீனிலிருந்து இனிப்பான டீயும் ரொட்டியும் வந்தன. அவர் தின்றுகொண்டிருக்கும்போது இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். குடிகாரன் எங்கே என்று கேட்டார்கள். ஆபீசர் என்னைப் பார்த்தார், பிறகு சுடலைமுத்துவைப் பார்த்தார். "இங்கே குடிகாரன் யாரும் இல்லை. ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை" என்று அவரே இந்தியில் சொன்னார். அவர்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. மேனேஜர் அழைத்தபோது, சுடலைமுத்து அவரெதிரில் நிமிர்ந்து நின்றார். வித்தியாசம் யாருக்கும் தெரியும்படி இருந்தது. மேனேஜருக்குத் திருப்தி. "சரி, கிரேனுக்கு அனுப்பலாமா?" என்று என்னைக் கேட்டார். கூடாது என்றேன். வாட்ச்மேன் அறையில் நடந்தது கிரேன் கூண்டில் நடந்தால் கீழே நிற்பவர்கள் கதி என்ன? இன்சுலின் இருக்கும்வரை அவர் மேலே ஏறக்கூடாது. இன்சுலின் எப்போதும் இருக்கும்.

சுடலைமுத்து என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும், "என்னயக் காப்பாத்தினதும் நீங்கதான், கீழ தள்ளினதும் நீங்கதான்" என்றார். நியாயமான பேச்சு. மருந்துக்கு மட்டும் தவறாமல் வந்தார், முகம் கொடுத்துப் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கோபத்தைச் சரிக்கட்ட நான் முயற்சி செய்யவில்லை. சரியான முடிவுக்கு நன்றி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்; பல சமயம் வராது.

அவருக்குக் கிடைத்த வேலை சிக்னல்காரர் வேலை. கிரேனுக்குக் கீழே நின்று, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையால் காட்டுபவர். முதலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். ஆனால் மேலே இருப்பவன் எந்நேரமும் அவர் முகத்தையும் கையையும்தான் பார்த்தாக வேண்டும். புதிதாக ஏறிய ஆபரேட்டர்கள் அவர் கை அசைந்தால்தான் லோடைத் தொடுவார்கள். சில மாதங்களில் துண்டு தோளுக்கு இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா மார்க்கெட்டில் செல்லம்மாள் காய் வாங்கிக்கொண்டிருந்தார். பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் சுடலைமுத்து நின்றார். என்னைப் பார்த்ததும் அவராகவே கும்பிட்டார்.

வயதுத் தகராறு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் வண்டியில் ஆபீசர், "கடைசி வரைக்கும் நீங்க வயசு எழுதவே இல்லையே?" என்றார். தெரியாது என்றேன். "சரி, ரெகார்டுலே இருக்கறதே இருந்துட்டுப் போகட்டும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதற்கிடையே ஆய்வுக்கூடத்து அம்மையார் என்னை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த நோய் குடும்பத்தோடு வரும், கூடப்பிறந்தவரைப் பார்த்தீர்களா என்று. சுடலைமுத்து மூலம் சொல்லி அனுப்பினேன். மாடசாமி வரவில்லை. "கல்லு மாதிரி இருக்கேன், என்னய எதுக்குக் கூப்பிடுதாரு" என்றாராம். அந்தக் கறுத்த முடியையும் மார்பையும் பார்த்தால் யாருக்குமே அப்படித்தான் தோன்றும். ஒருவர் கிழவராகத் தெரிகிறார் என்பதை நம்பக்கூடாது என்று படித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் இளைஞராகத் தெரிகிறார் என்பதும் அதே அளவுக்குத்தான் நம்பத் தகுந்தது.

ஒருநாள் மாலை ஷிப்ட் முடிந்து இருவரும் வந்தார்கள். சுடலைமுத்து அண்ணன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே உள்ளே வந்தார். மாடசாமியின் காலில் தோல் கொட்டகையில் ஏற்பட்ட ஒரு கீறல், வாரக்கணக்கில் ஆறவில்லையாம். அதைப் பார்த்ததும் சுடலைமுத்து கேள்வி கேட்கவே இல்லை, நேரே கூட்டி வந்துவிட்டார்.

புண்ணைப் பார்த்தேன். பிறகு சோதனைக் குழாய். இம்முறை செங்கல் நிறம் வரவில்லை. மஞ்சள் வரைக்கும் வந்து நின்றது. ஆரம்ப நிலை. சரியான நேரத்தில் கிடைத்திருக்கிறது என்று சொன்னேன்.

மாடசாமி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசர் அறையில் எகிறிய மனிதர் அல்ல அவர். "எனக்குத் தளர்ச்சியே இல்லியே ஐயா" என்றார். "ஒரு முடி நரைக்கலியே." தலைமுடியைத் தடவிக்கொண்டே, "நானும் இவன மாதிரி ஆயிருவேனா?" என்று கேட்டார்.

தம்பி பக்கத்தில் நிற்கிறார் என்பதை அந்த நேரத்தில் அவர் மறந்திருக்க வேண்டும். நான் சங்கடத்தோடு சுடலைமுத்துவைப் பார்த்தேன். அவர் முகத்தில் வருத்தம் ஏதும் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்து அண்ணன் எதிரில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஆவ மாட்ட. ஆவ விட மாட்டேன்" என்றார். "அண்ணே, மத்ததுக்கெல்லாம் நீ மூத்தவன். இந்த நோயில நாந்தான் மூத்தவன். நான் சொல்லுதத கேளு. மொதல்ல ஐயாவுக்கு ரத்தம் குடு."

மாடசாமி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கையை மேஜைமேல் நீட்டினார்.